கார்க் நகரத்து வெண்ணெய் முத்திரை

அயர்லாந்து நாட்டின் தெற்கே, லீ ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றுசேரும் இடத்தில் இருக்கிறது கார்க் நகரம். ஐரிஷ் மொழியில் இந்தப் பெயருக்குச் சதுப்பு நிலம் என்று பொருள். ஆற்றின் வடகரையில் செங்குத்தான சந்துகள் வழியாக மேடேறினால் ஷாண்டன் பகுதி வரும். அங்கே 1722-ல் கட்டப்பட்ட புனித ஆன் தேவாலயம் நிற்கிறது. அதன் கோபுரத்தில் இரண்டு பக்கம் சிவப்பு மணற்கல், மற்ற இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு பெரிய மீன் உருவம். நான்கு பக்கமும் நான்கு கடிகார முகங்கள். ஒன்று காட்டும் மணியும் மற்றொன்று காட்டும் மணியும் ஒத்துப்போகாது என்பதால், ஊர்க்காரர்கள் அதற்கு 'நாலுமுகப் பொய்யன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொய்யனின் காலடியில்தான், பொய் சொல்லாத தராசுக்குப் பெயர்பெற்ற ஒரு சந்தை நடந்தது. 19-ம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரியதாகக் கருதப்பட்ட வெண்ணெய்ச் சந்தை அது. தூண்கள் வைத்த அதன் முகப்பு இன்னும் நிற்கிறது. எதிரே வட்ட வடிவில் ஒரு கட்டடம். வெண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவி எடைபோட்ட இடம் அது. இப்போது நடன அரங்காக இருக்கிறது. பக்கத்திலேயே வெண்ணெய்க்கென்று ஓர் அருங்காட்சியகம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சதுப்பு மண்ணில் புதைத்து வைத்த வெண்ணெய்ப் பானை ஒன்றை அங்கே பார்க்கலாம். காற்றுப் புகாத ஈரமான கரிமண்ணில் வெண்ணெய் கெடாமல் இருக்கும் என்பது அந்த நாட்டு மக்களுக்கு அவ்வளவு காலம் முன்பே தெரிந்திருக்கிறது.

விளைந்த பொருளை வெளிநாட்டில் விற்க நினைக்கும் விவசாயிக்கு இந்த ஊரில் ஒரு பாடம் இருக்கிறது. கடல் தாண்டிப் போகும் பொருளுக்கு யார் ஜாமீன் நிற்பது என்ற கேள்விக்கு, 250 ஆண்டுகளில் மூன்று விதமான பதிலைச் சொன்ன ஊர் இது.

குத்தூசியும் சூட்டு முத்திரையும்

கார்க் நகரத்துக்கு வெண்ணெய் வந்தது சுற்றியிருந்த மலைக்கிராமங்களில் இருந்து. மேற்கே கெர்ரி மாவட்டத்தில் இருந்தும் வந்தது. மாடு மேய்ப்பதும் கறப்பதும் வீட்டு வேலை. கடைவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கடைந்த வெண்ணெயில் மோரைப் பிழிந்தெடுத்து, உப்புப் பிசைந்து, 25 கிலோ அளவு பிடிக்கும் மரப் பீப்பாயில் அடைப்பார்கள். அந்தப் பீப்பாய்கள் குதிரை முதுகிலும் வண்டியிலும் ஏறி வந்த சாலைகளுக்கு இன்றைக்கும் 'வெண்ணெய்ச் சாலை' என்றுதான் பெயர்.

துறைமுகத்தில் காத்திருந்த கப்பல்கள் இங்கிலாந்து, போர்த்துகல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்த மேற்கிந்தியத் தீவுகள் வரை போகக்கூடியவை. குளிர்நாட்டு வெண்ணெய் வெப்பநாட்டுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அங்கே பீப்பாயைத் திறக்கும் வியாபாரிக்கு, அதைக் கடைந்த கெர்ரி மலைப் பெண்ணைத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் வெண்ணெய் எங்கே போகிறது என்று தெரியாது. மேலே நல்ல வெண்ணெய், அடியில் பழைய வெண்ணெய், ஊறவைத்து எடை கூட்டிய பீப்பாய் என்று ஏமாற்று வேலைகள் நடந்தால், அடுத்த முறை அந்தக் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

இதைத் தடுக்க, கார்க் நகரத்து வணிகர்கள் 1769-ல் ஒரு குழு அமைத்தார்கள். மறு ஆண்டே வெண்ணெய்ச் சந்தை ஒழுங்குக்கு வந்தது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு பீப்பாயிலும் பரிசோதகர் நீளமான இரும்புக் குத்தூசியை அடிவரை இறக்கி, திருகி எடுப்பார். நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பதைப் போன்றதுதான். முகர்ந்து, சுவைத்து, நிறம் பார்த்துத் தரம் சொல்வார். வெறும் பீப்பாயின் எடையைக் கழித்து நிகர எடை போடுவார்கள். பிறகு பீப்பாயின் மேல் தரமுத்திரை ஏறும். அந்த முத்திரை இருந்தால், எந்த நாட்டு வியாபாரியும் பீப்பாயைத் திறந்துகூடப் பார்க்காமல் விலை பேசலாம்.

இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்த சட்டம் 1829-ல் நீங்கியது. ஆனாலும் சோதனை நிற்கவில்லை. முத்திரையின் மதிப்பை வணிகர்கள் உணர்ந்திருந்ததால், தாங்களாகவே தொடர்ந்தார்கள். வெளிநாட்டுச் சந்தைக்குள் போக விவசாயிக்குத் துணைநிற்கும் அமைப்பு என்று இன்று சொல்கிறோமே, அதற்கு அந்தக் காலத்து வடிவம் இதுதான். முதல் பதில்: வணிகர்கள் ஜாமீன் நின்றார்கள்.

முத்திரைக்கு இந்தப் பக்கம்

முத்திரை, வாங்குகிறவரைக் காப்பாற்றியது. விற்கிறவரை முழுசாகக் காப்பாற்றவில்லை. சந்தைத் தரகர்கள் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கியவர் வெண்ணெயை அவர்களிடம்தான் கொண்டுவர வேண்டும். கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய எவருக்கும் இந்தக் கட்டு எப்படி இறுகும் என்று விளக்கத் தேவையில்லை. வெண்ணெய் விற்ற காசு நிலச்சொந்தக்காரருக்கான குத்தகைக்குப் போனது. நல்ல வெண்ணெய் கப்பலேறியது. ஏழைக் குடும்பங்களின் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்தது.

1845-ல் அந்த உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயிர் அழுகியது. சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். அந்த ஆண்டுகளிலும் கார்க் துறைமுகத்தில் இருந்து வெண்ணெய் ஏற்றுமதி நிற்கவில்லை. ஆற்றின் வாய்ப்பகுதியில் இருக்கும் கோவ் துறைமுகத்துக்குப் போனால் அதன் மறுபக்கம் தெரியும். 1848 முதல் 1950 வரை அயர்லாந்தை விட்டு வெளியேறிய சுமார் 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார்கள். வெண்ணெய் போன வழியிலேயே, பின்னால் மனிதர்களும் போனார்கள். ஏற்றுமதி பெருகினால் விளைவித்தவர் வீடு தானாக நிறைந்துவிடும் என்று சொல்பவர்களுக்குக் கோவ் துறைமுகம் ஒரு பதில்.

தாழி உடைந்த கதை

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது போல, உலகச் சந்தை விரிந்துகொண்டிருந்த நேரத்தில் கார்க் சந்தை சரிந்தது. 1869-ல் பிரான்சில் வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரின் கண்டுபிடிக்கப்பட்டது. 1878-ல் பாலில் இருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் எந்திரம் வந்தது. அதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் டென்மார்க் விவசாயிகள். 1882-ல் அவர்கள் ஊர் கூடிப் பால் பண்ணைக் கூட்டுறவு அமைத்தார்கள். எல்லார் பாலும் ஒரே இடத்துக்கு வந்து, ஒரே எந்திரத்தில் பிரிந்து, ஒரே சுவையுள்ள வெண்ணெயாக வெளியேறியது. 1901-ல் 'லூர்' என்ற ஊதுகொம்புச் சின்னத்தைத் தங்கள் வெண்ணெய்க்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள்.

கார்க் பீப்பாயில் இருந்தது ஆயிரம் வீட்டு வெண்ணெய், ஆயிரம் சுவை. உப்பும் அதிகம். தொலைதூரக் கப்பல் பயணத்துக்கு அந்த உப்பு தேவைப்பட்டது. ஆனால் நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபிறகு, இங்கிலாந்து மக்கள் உப்புக் குறைந்த புது வெண்ணெயைக் கேட்டார்கள். கார்க் வணிகர்கள் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1924-ல் சந்தை மூடப்பட்டது. தரமுத்திரை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், வாங்குகிறவரின் நாக்கு மாறுவதை யாராவது போய்ப் பார்த்து வந்து விவசாயிக்குச் சொல்ல வேண்டும். கார்க்கில் அதைச் செய்ய ஆள் இல்லை.

இரண்டாவது பதில்: அரசு வாரியம்

மாற்றம் கிராமத்தில் இருந்து தொடங்கியது. கார்க் மாவட்ட எல்லையை ஒட்டி லிமரிக் மாவட்டத்தில் ட்ரம்காலகர் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அயர்லாந்தின் முதல் பால் கூட்டுறவு 1889-ல் அங்கேதான் தொடங்கியது. ஹொரஸ் பிளங்கெட் என்பவர் ஊர் ஊராகப் போய்க் கூட்டுறவைப் பரப்பினார். பால் ஒன்றுசேர்ந்தது, தரம் ஏறியது. ஆனால் விற்பனையில் பழைய குறை தீரவில்லை. பிரிட்டன் கடைகளில் டென்மார்க் வெண்ணெய்க்கும் நியூசிலாந்து வெண்ணெய்க்கும் பெயர் இருந்தது. அயர்லாந்து வெண்ணெய் மொத்தச் சரக்காகப் போய், அங்கே மற்றவர்களின் பொட்டலத்துக்குள் கரைந்துபோனது.

1961-ல் அயர்லாந்து அரசு சட்டம் போட்டுப் 'போர்ட் பான்யே' என்ற அமைப்பை உருவாக்கியது. பெயருக்குப் பால் வாரியம் என்று பொருள். பால் பொருள் ஏற்றுமதி முழுவதும் அதன் கையில் வந்தது. அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த டோனி ஓ'ரெய்லி, அப்போது இருபதுகளில் இருந்த ரக்பி ஆட்டக்காரர். 1962-ல் வாரியம் தங்க நிறத் தாளில் சுற்றிய வெண்ணெயைப் பிரிட்டன் சந்தையில் இறக்கியது. பெயர் 'கெர்ரிகோல்டு', அதாவது கெர்ரித் தங்கம். கூட்டுறவுகள் ஒன்றோடொன்று விலையைக் குறைத்துப் போட்டிபோடாமல், எல்லார் வெண்ணெயும் ஒரே பெயரில் போனது. இரண்டாவது பதில்: அரசு ஜாமீன் நின்றது.

மூன்றாவது பதில்: விவசாயிகளே

1973-ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அங்கே அரசு வாரியம் ஏகபோகமாக ஏற்றுமதி செய்ய விதி இடம் கொடுக்கவில்லை. வாரியத்தைக் கலைத்துவிட்டு அவரவர் பாடு என்று விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பால் கூட்டுறவுகளே உறுப்பினர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவாக அதை மாற்றினார்கள். கூட்டுறவின் சொந்தக்காரர்கள் விவசாயிகள் என்பதால், கெர்ரிகோல்டு என்ற பெயரும் விவசாயிகளின் சொத்தானது.

அதே ஆண்டு ஜெர்மனிச் சந்தையில் நுழைந்தார்கள். இன்று அந்த நாட்டில் முதலிடத்தில் விற்கும் வெண்ணெய்ப் பெயர் இதுதான். 2015-ல் அமைப்பின் பெயரை 'ஆர்னுவா' என்று மாற்றினார்கள். ஐரிஷ் மொழியில் புதுத்தங்கம் என்று பொருள். 2019-ல் கெர்ரிகோல்டின் ஆண்டு விற்பனை 100 கோடி யூரோவைத் தாண்டியது. கார்க் நகரத்துக்கு வடக்கே மிட்செல்ஸ்டவுன் என்ற ஊரில், 2016-ல் திறந்த பெரிய ஆலையில் அந்த வெண்ணெய் கடைந்து பொட்டலமாகிறது.

அந்த ஆலைக்குப் போகும் வழியெல்லாம் புல். வேலியோர முள்செடி, கல்சுவர், நடுவே கறுப்பு வெள்ளை மாடுகள். மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்வதால், புல் நீண்ட காலம் பச்சையாக இருக்கிறது. வசந்த காலத்தில் புல் துளிர்க்கும் நேரத்துக்குக் கன்று ஈனும்படி சினைப்பருவத்தைத் திட்டமிடுகிறார்கள். அடர்தீவனச் செலவு குறைகிறது. பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் சத்து பால் கொழுப்பில் இறங்குவதால் வெண்ணெய் இயல்பாகவே மஞ்சளாக இருக்கிறது. பக்கத்தில் ஃபெர்மாய் ஊரை அடுத்த மூர்பார்க் ஆராய்ச்சி நிலையத்தில், மேய்ச்சல் சுற்று, புல் ரகம், பால் தரம் எல்லாம் ஆராய்ந்து விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். வெளிநாட்டு விற்பனையின் முதல் படி கடல் கடந்து இல்லை. இந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது.

போகும் வாசல், வரும் வாசல்

வெண்ணெய்க்கு மட்டும் இப்படி ஓர் அமைப்பு போதாது என்று, 1994-ல் எல்லா உணவுப் பொருளுக்குமாக 'போர்ட் பீயா' என்ற உணவு வாரியத்தை அயர்லாந்து அமைத்தது. லண்டன், பாரிஸ், துபாய், ஷாங்காய், டோக்கியோ போன்ற நகரங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. அங்கே இருப்பவர்கள் கடை கடையாகப் போய், எந்தப் பொருள் நகர்கிறது, எந்த அளவுப் பொட்டலம் கேட்கிறார்கள், அந்த நாட்டு லேபிள் விதி என்ன என்று பார்த்து ஊருக்குத் தகவல் அனுப்புகிறார்கள். வாங்கும் நிறுவனத்தையும் விற்கும் நிறுவனத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். 1924-ல் கார்க் சந்தைக்கு இல்லாமல் போன கண்ணும் காதும் இதுதான். இதே வாரியம் உள்நாட்டில் பண்ணைகளையும் தணிக்கை செய்கிறது. பால் பண்ணைகளுக்கு 18 மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை. மருந்துப் பதிவேடு, தண்ணீர், மாட்டு நலம் எல்லாம் பார்ப்பார்கள்.

எதிர்த்திசைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளர்களை அயர்லாந்துக்கு அழைத்து வருவது, 1949-ல் தொடங்கிய தொழில் வளர்ச்சி ஆணையத்தின் வேலை. நிலம், அனுமதி, ஆள் பயிற்சி எனப் புதிதாக வருகிறவருக்குக் கைபிடித்து வழிகாட்டுவார்கள். ஷாண்டனில் இருந்து மேற்கே மேட்டில் ஏறினால் ஹாலிஹில் வரும். ஆப்பிள் கம்ப்யூட்டர் நிறுவனம் 1980-ல் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. பழைய தலைமுறை கப்பலேறிய ஊருக்கு, பிறகு வேலை தேடி வந்தது.

முத்திரை இருந்தும் வந்த தடைகள்

இவ்வளவு துணை இருந்தும் வழி முழுக்கச் சமதரை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1953-ல் இருந்து ஒரு சட்டம் உண்டு. உரிமம் பெற்ற தரப் பரிசோதகர் தரம் போடாத வெண்ணெயை அங்கே விற்கக்கூடாது. கெர்ரிகோல்டு கடைகளில் இருந்து நீக்கப்பட்டது. அதன் ருசி பழகிய மக்கள் பக்கத்து மாநிலத்துக்குக் கார் ஓட்டிப்போய் வாங்கி வந்தார்கள். வழக்கும் நடந்தது. 2017 கடைசியில், அந்த மாநிலம் கேட்ட தரச்சோதனைக்கு ஏற்பாடு செய்த பிறகே மறுபடி விற்பனைக்கு வந்தது. வெண்ணெயைக் குத்தூசி போட்டுத் தரம் பார்த்த கார்க் மக்களுக்கே, இன்னொரு ஊர் பரிசோதகர் முத்திரை கேட்டார்.

2019-ல் வந்த தடை இன்னும் விசித்திரமானது. விமானத் தயாரிப்புக்கு மானியம் கொடுத்தது பற்றி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சண்டை. அதில் ஐரிஷ் வெண்ணெய் மேல் 25 சதவிகிதக் கூடுதல் வரி விழுந்தது. 2021-ல்தான் அது நிறுத்தி வைக்கப்பட்டது. விமானத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. வெளிச்சந்தையை நம்பும் விவசாயி இப்படிப்பட்ட அடியையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே நாட்டை நம்பி இருந்திருந்தால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும்.

மூன்றாவது தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2015-ல் ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கான ஒதுக்கீட்டு வரம்பு நீங்கியதும், அயர்லாந்தில் மாடுகள் பெருகின. சாணமும் தழைச்சத்து உரமும் ஆறுகளில் கலப்பது பெரிய பிரச்னையாகிவிட்டது. சிறப்பு அனுமதி பெற்ற பண்ணைகள் ஹெக்டேருக்கு 250 கிலோ வரை தொழுவுரத் தழைச்சத்து இடலாம் என்று இருந்தது. 2024 முதல் பல பகுதிகளில் அது 220 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பொட்டலத்தின் மேல் பச்சைப் புல்லைக் காட்டி விற்கிறவர், ஆற்றையும் பச்சைப் பாசி படராமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை மங்கிவிடும்.

நம்மூர்ப் பீப்பாய்

இந்தியாவில் வேளாண் விளைபொருளுக்கு இதுபோல வழிகாட்ட 1986 முதல் 'அபீடா' ஆணையம் இருக்கிறது. நறுமணப் பொருள்களுக்கு நறுமணப் பொருள்கள் வாரியம் உண்டு. ஏற்றுமதி செய்ய இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். அதன்பிறகு உரிய வாரியத்தில் பதிவு வேண்டும். இவை வாசல்படி மட்டுமே. 2010-ல் இந்தியத் திராட்சைச் சரக்குகள் ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட்டன. காரணம், கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெளித்த குளோர்மெக்வாட் குளோரைடு என்ற மருந்தின் எச்சம். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் அது பழத்தில் இருந்தது. தோட்டத்தில் தெளித்த ஒரு மருந்துக்குக் கணக்கு கடல் கடந்து கேட்கப்பட்டது. இன்றைய குத்தூசி ஆய்வகத்தில் இருக்கிறது.

சின்ன வெங்காயமோ மஞ்சளோ முருங்கையோ, ஐந்து ஏக்கர்காரர் தனியாகக் கப்பல் பிடிக்க முடியாது. பத்து ஊர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பிடிக்கலாம். அப்படிச் சேரும்போது உறுப்பினர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த நாடு எந்த மருந்தை எவ்வளவு அனுமதிக்கிறது என்று சொல்பவர் யார்? தெளித்த தேதியை எழுதி வைப்பவர் யார்? சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் யாருடையது? பொட்டலத்தின் மேல் இருக்கும் பெயர் யாருக்குச் சொந்தம்?

கடைசிக் கேள்விதான் கார்க் சொல்லித்தரும் கேள்வி. வணிகர் முத்திரை போட்டபோது வெண்ணெய்க்கு உலகப் பெயர் கிடைத்தது. கடைந்தவர் குத்தகை கட்டிவிட்டுக் கப்பலேறினார். முத்திரை கூட்டுறவின் கைக்கு வந்த பிறகு, பெயரால் வந்த விலையில் ஒரு பங்கு பால் ஊற்றியவர் வீட்டுக்கும் திரும்பியது. ஷாண்டன் கோபுரத்தின் நான்கு கடிகாரங்களும் எந்த மணி காட்டினாலும், கீழே பழைய சந்தைக் கட்டடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கிறது.